கதவை மூடினால் தெரியும் வெளிச்சம்

திருவொற்றியூரில் ஓர் ஏற்றுமதிக் கிடங்கில் கன்டெய்னர் பார்க்கும் வேலை எனக்கு. அரிசி மூட்டை ஏற்றுவதற்கு முன் காலிப் பெட்டிக்குள் ஏறி, ஈரம், நாற்றம், துரு, ஓட்டை எதுவும் இல்லையென்று கண்ணால் பார்த்து, போனில் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஓட்டையைப் பார்க்க, உள்ளே நின்றுகொண்டு கதவை மூடச் சொல்வேன். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் பெட்டி தேறாது. வெயில் காலத்தில் அந்த இரும்புக்குள் நிற்பது எப்படி என்று வீட்டில் நான் சொன்னதில்லை. சொல்லத் தெம்பு இருக்காது.

அன்று மதியம் டிரெய்லர் ஓட்டி வந்தவன் காசிமேட்டுக்காரன். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ராத்திரி புல்லா காலிப் பொட்டி எடுக்க யார்டு லைன்ல நின்னுகினு வரேன்க்கா. சீக்கிரம் பாத்து வுட்டுடு" என்று சொல்லி, நான் உள்ளே ஏறியதும் கதவைச் சாத்தினான்.

இருட்டு கண்ணுக்குப் பழகியதும் தெரிந்தது. பக்கச் சுவரில், என் தோள் உயரத்தில், கடுகளவு வெளிச்சம். கதவைத் தட்டி, அவனையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"இதுக்கா? இத்தினியூண்டுக்கா?"

"கடல்ல அத்தன நாளு போவும்பா. தண்ணி எறங்குனா மூட்டையெல்லாம் பூசணம் புடிச்சிடும்."

"திரும்ப யார்டுக்குப் போயி, திரும்ப லைன்ல நிக்கணும். பேஜாரு புடிச்ச பொழப்புக்கா."

படம் எடுத்து அனுப்பினேன். ஆபீசிலிருந்து உடனே போன். "படம் வெறும் கறுப்பா இருக்கு மேடம். ஓட்டை தெரியல. இத வச்சு ரிஜெக்ட் போட முடியாது." பிளாஷ் போட்டு எடுத்தேன். இப்போது சுவர் தெரிந்தது, ஓட்டை தெரியவில்லை. மறுபடியும் எடுத்தேன். வியர்வையில் போன் வழுக்கியது. படம் இல்லாவிட்டால் பெட்டி நல்ல பெட்டி என்றாகிவிடும். நான் கண்ணால் பார்த்தது கணக்கில் வராது.

அவன்தான் எழுந்தான். "கொஞ்சம் இருக்கா, வரேன்" என்று வெளியே போனான். கிடங்கு துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு டிரெய்லர் சக்கரத்தின் மேல் ஏறினான். "எங்க கீது? உள்ளேர்ந்து தட்டு!" நான் சாவியால் சுவரைத் தட்டினேன். வெளியே துருவைச் சுரண்டும் சத்தம். பிறகு ஈர்க்குச்சி மெல்ல உள்ளே நீண்டது.

அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

"வந்துச்சாக்கா?" என்று வெளியிலிருந்து கேட்டான்.

"வந்துச்சிப்பா."

சக்கரத்திலிருந்து இறங்கி, நான் வெளியே வந்ததும் வண்டியை எடுத்தான். பெட்டி பாஸ் ஆக வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டவன், அது ஆகாது என்பதை நிரூபிக்க எதற்கு ஏறினான் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எனக்குப் பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வேறு பெட்டியோடு வந்தான். சவரம் செய்யவில்லை, சட்டையும் மாற்றவில்லை. உள்ளே ஏறினேன். கதவு மூடியது. எந்தப் பக்கமும் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. பார்த்து முடித்த பிறகும் எனக்கு உடனே நகர மனமில்லை. சூடுதான், ஆனாலும் அந்த இருட்டில் நிற்கும் வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை.

"இன்னாக்கா, தூங்கிட்டியா?" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

"இல்லப்பா. நல்லா கீது. தொற."