கறிக்கடைக்காரி கேட்ட குரல்

சந்தையில் அவளிடம் வம்புக்குப் போனவர்கள் யாரும் இரண்டாம் தடவை போனதில்லை. அப்பா செத்த மறுவாரமே அவருடைய வெட்டுக்கட்டைக்கு முன்னால் வந்து நின்றவள் அவள். பொம்பளைதானே, என்ன செய்துவிடுவாள் என்று அவள் தராசில் கை வைத்து விளையாடப் பார்த்தான் ஒரு மீன்காரன். கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவன் மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எதிர்வரிசை வெங்காயக்கடை வரை கேட்டது. கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்து நின்ற ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு நழுவினார்.

அவள் கல்யாணம் நடந்த கதையும் ரத்தத்தில்தான் ஆரம்பித்தது. மலைப்பாதையில் சுற்றுலாக்காரர்களுக்காகப் பழைய நீராவி ரயில்களை ஓட்டும் ஒரு கம்பெனி இருந்தது. அதில் எஞ்சின் டிரைவராக இருந்தவன் ஒரு நாள் கறி வாங்க வந்தான். நெஞ்செலும்பு கேட்டால் கழுத்தெலும்பைத் தள்ளிவிடுகிறாயே என்று முணுமுணுத்தான். அவள் அந்த எலும்பையே எடுத்து அவன் முகத்தில் விட்டெறிந்தாள். புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டு, "இதையும் எடை போட்டுட்டியா, இல்ல இது இனாமா?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளும் வந்தான். அடி வாங்குவதற்கென்றே ஒருத்தன் வருகிறான் என்று சந்தையே பேசியது.

ரயில் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. புருஷனோடு அவன் தம்பியும் இருந்தான். அதே எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். அண்ணன் பெரியவன், தம்பி சின்னவன். கொட்டகையில் யாரும் அவர்களை வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. அந்த வீட்டில் தட்டுகள் அதிக நாள் தங்கவில்லை. அவள் எறிவாள், பெரியவன் குனிந்துகொள்வான், சுவர்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். அவனும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு தடவை அவள் கடைக் கத்திகளை எல்லாம் கரிக்குவியலில் புதைத்து வைத்துவிட்டுச் சாதுவாகச் சாப்பிட உட்கார்ந்தான். சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அவன்மேல் அவளுக்கு உயிர். ஆனால் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

கம்பெனியிடம் மூன்று எஞ்சின்கள் இருந்தன. மூன்றும் நூறு வயதை நெருங்கியவை. ஆள் உயரச் சக்கரங்களோடு ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸ் இழுத்தது ஒன்று. யார்டுக்குள் பெட்டி தள்ளிக்கொண்டிருந்த குட்டை ஒன்று. மூன்றாவது சரக்கு எஞ்சின். கறுத்து, அகன்று, மூக்கு முட்ட இரும்பு. அதற்கு எருமை என்று பெயர். பெரியவன் ஓட்டியது எருமையைத்தான்.

ஒரு வீடியோ கேம் கம்பெனி இந்த மூன்றையும் தேடிக்கொண்டு வந்தது. அவர்கள் செய்யப்போகும் விளையாட்டில் வரும் ரயில்களுக்கு இவைதான் மாதிரி. பெரிய சக்கரக்காரி ராஜாவின் ரயில் ஆகப் போகிறாள், குட்டை திருடர்களின் ரயில், எருமை பீரங்கி பூட்டிய போர் ரயில் என்று வந்தவர்கள் விளக்கினார்கள். ஆணி ஆணியாகப் படம் எடுத்தார்கள். ஒலிப்பதிவு செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். ஒல்லியான உருவம், காதில் எந்நேரமும் ஹெட்போன். எருமையின் ஊதல், பிரேக், சக்கரம் வழுக்கும் கிறீச்சல், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிடித்தாள். டிரைவர் நிற்கும் இடத்திலேயே கூரையில் ஒரு மைக்கைக் கட்டினாள். பெரியவன் அந்த மைக்கைப் பார்த்து, என் பெண்டாட்டி திட்டுவதைப் பதிவு பண்ணிக்கொள், போருக்கு அதுவே போதும் என்று கேலி செய்தான்.

கடைசி நாள், எருமை ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறுகிற சத்தம் வேண்டும் என்றார்கள். திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். பாய்லர் குழாய்கள் கசிகின்றன, இதற்கு மேல் வேண்டாம் என்று பெரியவன் ரயில் கம்பெனி மேனேஜரிடம் சொன்னான். வந்தவர்களைத் திருப்தியாக அனுப்ப வேண்டும், இன்னும் ஒரே ஒரு தடவை என்றார் மேனேஜர்.

அந்த ஒரு தடவை, உச்சியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது, பாய்லருக்குள் ஒரு குழாய் வெடித்தது. கொதிக்கும் நீராவி, நெருப்பைத் தள்ளிக்கொண்டு அடுப்பு வாய் வழியாக வெளியே பாய்ந்தது. கரி அள்ள அந்தப் பக்கம் திரும்பியிருந்த சின்னவனின் இடது காதும் தோளும் கருகின. பெரியவன் கத்தினான். சின்னவன் வெளியே குதித்தான். பெரியவன் குதிக்கவில்லை. பின்னால் இருந்த பெட்டியில் விளையாட்டுக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கீழே வளைவும் பாலமும். ரயில் பாலத்துக்கு முன்னால் நின்றது. பெட்டியில் ஒருவருக்கும் கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுகளோடு கிடந்த சின்னவன் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். அண்ணன் உடனே போய்விட்டான், ஒரு சத்தம்கூட வரவில்லை, அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். அவன் உடல் இருந்த பெட்டி மூடியே வந்தது. திறந்து பார்க்க யாரும் விடவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய் அவர் மேஜையை அவர்மேல் கவிழ்த்தாள். அவருக்கு விலா இரண்டு விரிசல். போலீஸுக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அவள் கடையைத் திறந்தாள். உடனே போய்விட்டான் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷம் சாப்பிட்டாள், தூங்கினாள், வெட்டினாள்.

விளையாட்டு வெளிவந்தது. ஓகோவென்று ஓடியது. கறிக்கடைக்குப் பக்கத்தில் இருந்த செல்போன் கடைக்காரன், ஆள் சேர்க்க வாசலில் பெரிய டிவி ஒன்றை மாட்டி அதைப் போட்டுவிட்டான். திரையில் எருமை வந்தது. மேலே பீரங்கி, பக்கத்தில் கவசத் தகடு, சிவப்புப் பெயின்ட். ஆனாலும் புகைபோக்கியில் இருந்த நசுங்கல்கூட மாறவில்லை, எருமை எருமைதான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கண்ட வேஷமும் போட்டுவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தவன் தண்டவாளத்தில் குண்டு வைத்தான். எருமையின் பாய்லர் வெடித்தது. "குதிடா" என்று ஒரு குரல் அலறியது. அந்தச் சொல்லுக்குச் சரியாக ஒரு சிப்பாய் ரயிலிலிருந்து குதித்தான். குரல் அதோடு நிற்கவில்லை. சொல் முடிந்த பிறகும் நீண்டு, நடுவில் உடைந்து, இன்னும் நீண்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அவள் கத்தி பாதி எலும்பில் நின்றது. செல்போன் கடைக்காரனிடம் போய், திரும்பப் போடச் சொன்னாள். போட்டான். மறுபடி போடச் சொன்னாள். அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அவன் சத்தத்தைக் கூட்டிவைத்தான். அவள் ஆள் அனுப்பிச் சின்னவனை வரவழைத்தாள். அவன் நல்ல காதைத் திரைப் பக்கம் திருப்பிக் கேட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரோட குரல்டா அது?"

அவன் நல்ல காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சத்தமே வரலன்னு சொன்ன. உடனே போயிட்டார்னு சொன்ன."

"அண்ணி, நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

கருகிய காது என்றும் பார்க்காமல் அறைந்தாள். பழைய புண் கிழிந்து கழுத்தில் ரத்தம் ஓடியது. திரும்பிக் கத்தியை ஓங்கித் திரையின் நடுவில் இறக்கினாள். கண்ணாடி சிதறி, கை தட்டியவர்களின் காலடியில் விழுந்தது. செல்போன் கடைக்காரன் கல்லாவுக்குக் கீழே போனவன் அவள் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். விளையாட்டுக் கம்பெனி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. வரவேற்பு அறையில் கன்றுக்குட்டி அளவுக்கு எருமையின் பொம்மை வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் அதன் தலையில் தொப்பி மாட்டி வைத்திருந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதல் வெட்டில் புகைபோக்கி பறந்தது. இரண்டாவதில் முன்பக்கம் பிளந்தது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்த காவலாளிக்கு முழங்கையால் ஒன்று கொடுத்தாள். மூக்கு உடைந்து அவன் சுவரோடு சரிந்தான். உள்ளே போக நடுவில் கண்ணாடிக் கதவு. கத்திப் பிடியால் இடித்தாள், அது மொத்தமாக உதிர்ந்தது. அவள் கையிலும் காலிலும் வெட்டுகள். நாற்காலிகளை உருட்டிவிட்டு எல்லோரும் கடைசி அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஒலிப்பதிவுப் பெண் மட்டும் ஓடவில்லை. நடைபாதையில் வந்து நின்றாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீயா போட்ட அத?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்," என்றாள் அந்தப் பெண். "அவர் ரயில நிறுத்தலன்னா நான் இன்னைக்கு இல்ல. எஞ்சின் மைக்கில விழுந்த அந்தப் பதிவ அழிச்சிடுன்னாங்க. எனக்கு மனசு வரல. நடிகர்கள வச்சு எத்தனையோ தடவ எடுத்தோம், எல்லாம் பொய்யா இருந்துச்சு. இது ஒண்ணுதான் நிஜம். அவர் குரல் எங்கேயாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

கறிக்கடைக்காரி கத்தியைத் திருப்பிப் பிடித்தாள்.

"நானும் செத்தத கொக்கியில தொங்கவிட்டுத்தான் பொழைக்கிறேன். அது ஆடு. நீ என் புருஷன தொங்கவிட்டிருக்க."

சொல்லிவிட்டுக் கத்தியின் பிடியால் அந்தப் பெண்ணின் தாடையில் அடித்தாள். தாடை எலும்பு விட்டுப்போய், பற்கள் கார்ப்பெட்டில் விழுந்தன. விழுந்தவள்மேல் இரண்டாவது தடவை கை ஓங்கினாள். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. போலீஸ் வந்தபோது கறிக்கடைக்காரி நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் ஏறிய கண்ணாடிச் சில்லுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண் ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

வழக்கு வந்தது. முழுப் பதிவையும் கோர்ட்டில் போட்டுக் காட்டினால் தண்டனை குறையும், நீதிபதியும் மனுஷன்தானே என்று வக்கீல் நம்பிக்கையாகச் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு கூட்டம் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கத் தன்னால் விடமுடியாது என்றாள். எழுந்து நின்று எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டாள். நீதிபதி காரணம் கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. தாடையில் கம்பி கட்டியிருந்த ஒலிப்பதிவுப் பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேல் சிறை. அங்கேயும் அவள் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒரு கிழவியைத் தள்ளிவிட்டவளின் விரலைத் திருகி, அதற்காகத் தனி அறையில் கிடந்தாள். அதற்குள் விஷயம் பத்திரிகையில் வந்து நாறியது. கம்பெனி அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறு குரலைச் சேர்த்தது. புதுக்குரல் சரியில்லை, பழையதே வேண்டும் என்று ஆடுகிறவர்கள் சண்டை போட்டார்களாம்.

அவள் வெளியே வந்தபோது கடையைச் சின்னவன் நடத்திக்கொண்டிருந்தான். தோள் சரியாகத் தூக்க வராது, துண்டுகள் கோணல்மாணலாகத்தான் விழும். வாடிக்கையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவள் அவனை நகர்த்திவிட்டுக் கட்டைக்கு முன்னால் நின்றாள். கத்தியைத் தீட்டினாள். ஒரு தொடையைக் கொக்கியிலிருந்து இறக்கிப் போட்டு வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தார்?"

சின்னவன் இந்தத் தடவை மறைக்கவில்லை. ரயில் நின்று, தான் தண்டவாளத்தோடு ஓடிப்போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் உயிரோடு இருந்தான் என்றான். பிரேக் பிடியில் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது, பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்து கீழே இறக்கிப் புல்லில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் மலை ஏறி வருகிற வரைக்கும் கண் திறந்திருந்தது.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத."

"சொல்லல அண்ணி. தண்ணி தண்ணின்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தார். இந்த மாதிரி வெந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தா செத்துடுவாங்கன்னு யாரோ சொன்னாங்க. அதனால குடுக்கல."

கத்தி இறங்கியது. எலும்பைத் தாண்டிக் கட்டைக்குள் ஆழமாகப் போய் மாட்டிக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. வாசலில் கறி வாங்க நின்றவள் பையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"குடுத்திருக்கலாம்," என்றாள் கறிக்கடைக்காரி.

"குடுத்திருக்கலாம் அண்ணி."

அவன் கட்டையின் மறுபக்கம் வந்து நல்ல கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினான். இருவருமாக இழுத்து அந்தக் கத்தியைப் பிடுங்கினார்கள்.