அழகுத்தாயின் கன்னங்கள்

டம்ளரிலிருந்து கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து டம்ளருக்குமாக டீயை ஆற்றிக்கொண்டிருக்கின்றன அழகுத்தாயின் கைகள். சாந்தன்பாறையில், ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் மற்ற பெண்கள் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, காய் பொறுக்க உட்கார்ந்தாயிற்று.

"அழகக்கா டீ ஆறுறதுக்குள்ள அடுத்த எடுப்புக் காயே தோட்டத்துலருந்து வந்துரும்" என்கிறாள் ஒருத்தி.

"வரட்டும். அதையும் நான்தான பொறுக்கணும்."

நாற்பத்தெட்டு வயது. கன்னங்களும் மூக்கும் எந்நேரமும் செங்கல் நிறத்தில் இருக்கும். சூடு பட்டால் எரியும், சிறு பருக்களாகக் கிளம்பும். ரொசேசியா என்றார் தோல் டாக்டர். யாருக்கும் ஒட்டாது, முழுவதும் போகவும் போகாது, கிளப்பிவிடுவதை விலக்கினால் அடங்கிக் கிடக்கும் என்றார். அந்தப் பெயர் வாயில் நுழையாததால் அவள் அதற்கு மாமியார் என்று வைத்துவிட்டாள். "எது புடிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டா நம்ம பாட்டுக்கு இருக்கலாம்ல."

பிடிக்காதவை: கொதிக்கும் டீ, பச்சை மிளகாய்த் துவையல், உச்சி வெயில். காய் உலர்த்தும் அறையின் அனலும் ஆகாது. அந்த வேலையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு அவள் பங்குச் சாக்கையும் இவளே தைக்கிறாள். வேலைக்குப் போய்வரும் ஜீப்பில் குளிர்காற்று படாத நடு இடம்தான் பிடிப்பாள். முகத்துக்குச் சோப்பு கிடையாது. வெறும் தண்ணீர், பழைய பருத்தித் துண்டால் ஒற்றல். தேய்ப்பதில்லை. சிவந்த முகத்தைப் பார்த்துக் குடிக்கிறாள் என்று பேசிய கங்காணியின் முன்னால் போய், "மோந்து பாருங்கண்ணே" என்று நின்றாள். அவர்தான் பின்வாங்கினார்.

தப்பும் செய்திருக்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று வெளுக்கும் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினாள். ஒரு மாதம் முகம் பளபளத்தது. நிறுத்தியதும், அந்த மழைக்காலம் முழுக்கத் தலையணை படக்கூடப் பொறுக்கவில்லை.

மகள் செல்வப்பிரியாவின் நிச்சயத்துக்கு முந்தின நாள், அதே களிம்பு வீட்டுக்குள் வந்தது. மகளேதான் வாங்கி வந்தாள். மாப்பிள்ளை வீடு வண்டன்மேடு. சம்பந்திப் பெண்கள் ஒருவர் கன்னத்தில் ஒருவர் சந்தனம் பூசுவது அவர்கள் வழக்கம். மறுத்தால் உறவையே மறுத்த மாதிரி. கடைச் சந்தனமோ அழகுத்தாயின் முகத்தில் பட்டால் நெருப்பு.

"இன்னிக்கு ஒரு நாளு போடும்மா. செவப்பாவது கொறையும். ஒட்டுவாரொட்டின்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிட்டாகன்னா? எனக்கு இந்த எடம் வேணும்மா."

"கட்டிக் குடுத்தப்பறம் என்னையப் பாக்காமயா இருக்கப் போறாக? நாளைக்கே நல்லாப் பாத்துக்கிடட்டும். நீ பூவக் கட்டு." களிம்பை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் முகம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை, மாப்பிள்ளையின் அம்மா கற்பகம் சந்தனக் கிண்ணத்தோடு எழுந்து வந்தாள். அழகுத்தாயின் கன்னத்தைப் பார்த்ததும் அவள் விரல்கள் கிண்ணத்திலேயே நின்றுவிட்டன. செல்வப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூஞ்சிக்குச் சந்தனம் ஆகாது மதினி. தோல் அப்படி. யாருக்கும் ஒட்டாது, பயப்படாதீக." அழகுத்தாய் வளையல்களை மேலே ஏற்றிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "இங்க எடம் நெறையாக் கெடக்கு. பூசுங்க."

கற்பகம் தன் ஆட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சந்தனத்தை உள்ளங்கை நிறைய வழித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் பூசினாள். பூசி முடித்ததும் கிண்ணத்தை அழகுத்தாயிடம் கொடுத்துவிட்டு, தன் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.