உப்பு குடித்த ஈரம்

அக்கா தையல்காரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் தம்பி என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்று யார் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள்: "கடுகளவு பிளாஸ்டிக் மணி. அதுல செம்பைத் தைக்கிறான். மருந்து செய்யறப்ப அந்தச் செம்பு வேலையைச் சீக்கிரமா முடிச்சுக் கொடுக்கும். அப்புறம் மணியை வடிகட்டி மறுபடியும் போடலாம்."

செம்பு நிஜமாகவே தைத்திருக்கிறதா, இல்லை பைக்குள் கிடக்கும் பித்தான் மாதிரி சும்மா கிடக்கிறதா? அதுதான் தகராறு. மணியை அரைத்து, உப்போடு கலந்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கருவி ஒரு கோடு வரையும். செம்பு ஒட்டியிருந்தால், கோட்டில் 1640 என்ற எண்ணில் விழும் மணியின் பள்ளம் இடம் மாற வேண்டும். நான்கு மாதமாக அது நகரவே இல்லை. "வெள்ளிக்கிழமையும் நகரலைன்னா வேற வேலையைப் பாருப்பா" என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, ஆய்வுக்கூடத்துக்குத் தைத்த வெள்ளை அங்கிகளை எடுத்துக்கொண்டு அக்கா போனாள். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, திருடன் சிக்கிட்டான். நேத்து மணியே போடாம வெறும் உப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அதுலயும் அதே பள்ளம். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்கு. தண்ணிக்கும் 1640 பக்கத்துலதான் விழும்."

"அப்ப நாலு மாசமா தண்ணியைத்தான் படிச்சியா?"

"மெதுவா சொல்லு, சார் வர்றாரு."

நேற்றே உலர்அடுப்பில் வைத்த உப்பு இப்போது பொரபொரவென்று இருந்தது. முதலில் செம்பு சேர்க்காத மணி. மணியின் சொந்தப் பள்ளம், 1640. அடுத்து செம்பு சேர்த்த மணி. வில்லை கண்ணாடிபோல வந்தது. திரையில் கோடு ஊர்ந்தது. அக்கா ஊசியில் நூல் கோக்கும்போது போல மூச்சை அடக்கிக்கொண்டாள்.

1640-இல் ஒன்றுமில்லை. 1615-இல் விழுந்தது பள்ளம்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புது வில்லை செய்து இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மறுபடியும் 1615.

"ஒட்டித்தான்பா இருக்கு. உப்பை நானும் கவனிக்கலை பாரு. சரி, எழுத ஆரம்பி."

தம்பி புது அங்கியை மாட்டிக்கொண்டு நோட்டை எடுக்க ஓடினான். பித்தான்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தான். ஊரார் சட்டையில் நூல் பிரிந்தாலே நிறுத்திச் சொல்லும் அக்கா, அன்று வாயே திறக்கவில்லை.