வாசல் பக்கம் சீவிய குண்டு

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாதாம். நான் சொல்லுவேன். அய்யாவு. சொல்லாமல் இருந்தவர்கள் என்ன சுகத்தைக் கண்டார்கள்? லாயாங் லாயாங் என்கிற ரயில் ஸ்டேஷனிலிருந்து மூன்று கல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் ஸ்டோரில் இயந்திரம் பார்க்கிற வேலை அவருக்கு. எனக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு.

அந்த மனிதருக்குக் கை சும்மா இருக்காது. சோற்றுக்கு உட்கார்ந்தால் தட்டின் விளிம்பைத் தடவி நெளிவு தேடுவார். கதவு கிரீச்சிட்டால் தூக்கம் போச்சு. கோயிலில் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள், இவர் மணியைப் பார்ப்பார், நாக்கு ஒரு பக்கமாக அடிக்கிறதாம். "சாமி கும்பிட வந்தீங்களா, மணி ரிப்பேருக்கு வந்தீங்களா?" என்று எத்தனை தடவை இடுப்பில் இடித்திருக்கிறேன். அப்போதும் கேட்கமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை விழுந்தது. மாதத்துக்கு ஒரு தடவை காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு பட்டியல் வாசிப்பார். அதில் பெயர் வந்தால் வேலை போச்சு, கடல் தாண்டி நாகப்பட்டினத்துக்கே திரும்பக் கப்பல். அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அம்மாவையும் அப்பாவையும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் புதைத்தோம். எனக்கு மிச்சம் இருந்தது அண்ணன் வீரமுத்து ஒருவன்தான்.

அண்ணனுக்குத் துப்பாக்கிக் காவல். இளங்கன்றுகளைக் கிண்டிப்போடும் காட்டுப்பன்றிகளைச் சுடவேண்டும். கையில் இருந்தது பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. செலவைக் குறைக்கிறேன் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, கடையில் குண்டு வாங்குவதை நிறுத்திவிட்டார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருக்கி ஸ்டோரிலேயே வார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவருக்கா கசக்கும்?

அச்சில் வார்த்த குண்டு குழலுக்கு ஒரு மயிரிழை பருமனாக இருக்கும். அதன்மேல் மெழுகும் எண்ணெயும் தடவி, ஓர் எஃகு வளையத்தின் மேல் நிறுத்தி, கைப்பிடியை இழுத்தால் தண்டு இறங்கி அதை வளையத்துக்குள் தள்ளிவிடும். மறுபக்கம் சரியான அளவில் வந்து விழும். இடியாப்ப உரலுக்கு மூத்தது என்று நான் கேலி செய்வேன். முதல் மூன்று மாதத்தில் அண்ணன் பதினோரு பன்றி சுட்டான். அப்புறம் குறி பிசக ஆரம்பித்தது.

ஒன்று பிசகியது. இரண்டு, மூன்று பிசகியது. நான்காவது பன்றி இடுப்பில் காயம் பட்டு, வெறியோடு பால்வெட்டும் நிரைக்குள் பாய்ந்து, எனக்கு அடுத்த நிரையில் நின்ற கருப்பாயியின் தொடையைக் கிழித்தது. அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. உயிர் பிழைத்தாள், ஆனால் நடை போய்விட்டது. அன்று மத்தியானமே துரை துப்பாக்கியை வாங்கிப் பங்களாவில் பூட்டினார். வீரமுத்துக்குக் கண் போய்விட்டது, அடுத்த பட்டியலில் அவன் பெயர் என்று கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். பட்டியலுக்கு மூன்று வாரம் இருந்தது.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு மேடு. அரைக் கல் தூரத்தில், பள்ளத்தில் ரயில் போகும். அண்ணன் தினமும் அந்த மேட்டில் நின்று சரக்குப் பெட்டிகளை எண்ணினான். ஒரு கண்ணை மூடி எண்ணுவான், பிறகு மறு கண்ணை.

"அங்கம்மா, பதினேழுதானே?"

"பதினேழுதாண்ணே."

"எனக்காகச் சொல்றியா?"

"நான் எதுக்கு உனக்காகச் சொல்றேன்? எண்ணித்தான் சொல்றேன்."

நம்பவில்லை. மறுபடியும் மறு கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்காரரும் நம்பவில்லை, ஆனால் வேறு விதமாக. "மச்சான் கண்ணு நல்லாத்தான் இருக்கு. குண்டுலதான் கோளாறு," என்றார். குண்டு அழுத்தும் கருவிக்கு அடியில் கிடந்த ஈயச் சீவலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெட்டிப்போட்ட நகம் மாதிரி இருந்தது. குண்டு வளையத்துக்குள் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சீவிப்போயிருக்கிறது. ஒரு பக்கம் கனத்த குண்டு குழலை விட்டதும் தள்ளாடும், சுடுகிறவன் என்ன செய்வான் என்றார்.

அதன்பிறகு மனிதர் வீட்டில் தங்கவில்லை. அச்சின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்துகிறதா என்று விளக்குக் கரி தடவிப் பார்த்தார். பொருந்தியது. தண்டைக் கண்ணாடிமேல் உருட்டினார். கோணல் இல்லை. நான் சோறு கொண்டு போனால் சோறு ஆறும். பிறகு என் மஞ்சளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு குண்டிலும் ஒரு பக்கம் பொட்டு வைத்தார். பொட்டை வாசல் பக்கம் திருப்பி ஒன்றை அழுத்தினார். பொட்டு இருந்த பக்கம் சீவியது. அடுத்ததைச் சுவர்ப் பக்கம் திருப்பி அழுத்தினார். இந்தத் தடவை பொட்டுக்கு எதிர்ப்பக்கம் சீவியது.

"எப்படித் திருப்பினாலும் வாசல் பக்கம்தான் சீவுது. அப்ப குண்டு மேல தப்பு இல்ல. கருவிதான்," என்றார்.

வளையத்தைத் தளர்த்தி, இருந்த இடத்திலேயே அரைச் சுற்றுத் திருப்பினார். அப்போதும் வாசல் பக்கம். நாளைக்கு அடிப்பலகை வரை பிரிக்கிறேன் என்றார். பட்டியலுக்கு நான்கு நாள் இருந்தது.

மூன்று நாள் கழித்து, பட்டியலுக்கு முந்தின நாள் மத்தியானம், பால் வாளியை ஸ்டோரில் கொட்டிவிட்டு எட்டிப் பார்த்தேன். கருவி பிரிந்து கிடந்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

"என்ன கிடைச்சுது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நானே குனிந்து பார்த்தேன். வளையத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வட்டு. சுவர்ப் பக்கம் கெட்டியாக இருந்தது, வாசல் பக்கம் எண்ணெயில் ஊறிக் கூழாகிவிட்டது. ஸ்டோர்த் தரை கழுவிய தண்ணீர் ஓட வாசலைப் பார்த்துத்தான் சரிந்திருக்கும். குண்டில் தடவிய எண்ணெய் தினமும் அந்தப் பக்கமே இறங்கியிருக்கிறது. மெத்தென்ற பக்கத்தில் வளையம் அமுங்க, குண்டு சாய்ந்திருக்கிறது.

அந்த வட்டு எனக்குத் தெரியும். பொங்கல் சமயத்தில், கைப்பிடி இழுக்கும்போதெல்லாம் வளையம் கடகடக்கிறது, கேட்கச் சகிக்கவில்லை என்று புலம்பினார். தோட்டத்தில் எது ஆடினாலும் ரப்பரை வைத்து அடைப்பதுதானே எங்கள் வழக்கம்? மரத்தில் பால் சொட்டும் கோப்பையான மங்கில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை மடியில் ஒளித்துக் கொண்டுவந்து, அம்மிக்கல்லில் தட்டையாக்கி, அடுப்புப் புகையில் காயவைத்து வெட்டிக் கொடுத்தவள் நான். பாலைத் தொட்ட கையைத் தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத்தான் கழுவுகிறேன். எண்ணெய் பட்டால் ரப்பர் இளகும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு என் புத்தி எங்கே புல் மேய்ந்ததோ. கருப்பாயியின் கால் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தொரைக்கிட்ட இதைக் காட்டுனாத்தான் துப்பாக்கியத் திருப்பித் தருவாரு," என்றார் மெதுவாக. "காட்டுனா, பால் ஏதுன்னு கேப்பாரு. தோட்டத்துப் பாலை எடுத்தவங்கள அன்னிக்கே வெளியேத்திருவாங்க. காட்டலேன்னா மச்சான் கப்பலேறணும். ரெண்டு நாளா ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாக்கிறேன், அங்கம்மா. எப்படித் திருப்பினாலும் நம்ம பக்கம்தான் சீவுது."

"ரெண்டு நாளாவா? நேத்தே தெரியுமா? அவன் அங்க நின்னு பெட்டி எண்ணிக்கிட்டு இருக்கான், நீங்க இங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க." அவர் தலையைத் தூக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. உறைத்தும் கோபம் போகவில்லை.

அடுத்த நாள் பெரட்டில், கிராணி பட்டியல் வாசிப்பதற்கு முன்னால் நான் வரிசையை விட்டு வெளியே போனேன். வட்டைத் துரை முன்னால் நீட்டினேன். இது தோட்டத்துப் பால், எடுத்தவள் நான், அண்ணன் கண்ணில் கோளாறு இல்லை என்றேன். "நான்தான் கேட்டு வாங்கினேன்," என்று இவரும் பின்னாலேயே ஓடிவந்தார். கிராணி மென்று விழுங்கி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

துரை வட்டை முகர்ந்து பார்த்தார். கருவியை வட்டில்லாமல் பூட்டி மூன்று குண்டு அழுத்தச் சொன்னார். துப்பாக்கி வந்தது. நூறு கஜத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்தார்கள். அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், மறு கண்ணையும் மூடிப் பார்த்தான். பிறகு சுட்டான். மூன்றும் டின்னில் பட்டன.

அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். "மூணு வாரமா என் கண்ணையே திட்டிக்கிட்டு இருந்தேனே," என்றான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பட்டியலிலிருந்து அவன் பெயர் போனது. திருட்டுக்கு நான் வெளியே. என்னை மன்னித்துவிடும்படி கிராணி கேட்டாராம், "தா போலே," முடியாது என்று மலாயிலேயே சொல்லிவிட்டாராம் துரை. இயந்திரக்காரர் மட்டும் இருக்கலாம் என்றார்கள். இவர் ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். மூவார் பட்டணத்தில் ஒரு சீனர் மேசை நாற்காலிப் பட்டறை நடத்துகிறார், அங்கே ரம்பம் பார்க்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிகாமட் வரை ரயில், அப்புறம் பஸ்.

அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ரயில் எங்கள் மேட்டுக்குக் கீழே போனபோது எட்டிப் பார்த்தேன். எனக்கு ரப்பர் மரங்கள்தான் தெரிந்தன. அவன் நிற்கிறானோ இல்லையோ, வெளியே கையை நீட்டி ஆட்டினேன். அழுகை வந்துவிட்டது.

மூவாருக்கு வந்து இருபது நாள் கழித்து ஒரு கடுதாசி வந்தது. கிராணி கையெழுத்து, அண்ணன் பேச்சு. பட்டறைக் கணக்குப்பிள்ளை படித்துக் காட்டினார்.

"தங்கச்சி, எஞ்சினிலிருந்து ஆறாவது பெட்டியில், மூன்றாவது ஜன்னலில் நீ கையை ஆட்டினாய். முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். பக்கத்தில் மாப்பிள்ளை ஜன்னல் தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டிருந்தார். சரியா என்று எழுது."