தாளிக்க முடியாத எண்ணெய்

மதகடிப்பட்டுச் சந்தையில் மாட்டுத் தரகர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பாகூரிலிருந்து வந்த வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டு வண்டியை நிறுத்தினார். "தெரியாதா உங்களுக்கு? கம்பவுண்டரு போய்ட்டாரு. நேத்து சாய்ந்தரமே எடுத்துட்டாங்க." பத்திரிகைக்காரன் பழக்கத்தில் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் திரும்ப வைத்தேன். அடக்கத்துக்குப் போக முடியாமல் போன வருத்தம் ஒரு பக்கம். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று எனக்கு மிச்சம் இருந்தது. அதுதான் அன்று முழுவதும் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

தைரியநாதன் பாகூர் மருந்தகத்தில் மருந்து கலக்கித் தந்தவர். இதைப் படிப்பவர்களில் அவர் கையால் மருந்து வாங்கியவர்களுக்கு அந்த வெள்ளைச் சட்டையையும் மீன் வாடையையும் நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் வந்து பிரான்சிலிருந்து மீனெண்ணெய்ப் புட்டிகள் வருவது நின்றதும், மாலைக்கண் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் கடற்கரைக் குப்பங்களுக்குப் போய்ச் சுறா ஈரல் வாங்கி வந்தார். துண்டு போட்டு ஒரு பாத்திரத்தில் இட்டு, அதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, கொதிக்க விடாமல் உருக்குவார். மேலே தெளிந்த எண்ணெயைக் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை புட்டியில் நிரப்பி இருட்டறையில் வைப்பார். சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் அதிலுள்ள சத்து போய்விடும் என்பார்.

நகரத்து மருந்து வியாபாரி ஒருவர் இதைப் பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன். "இப்பிடி உருக்கினா பாதி ஈரல்லயே தங்கிடும் நாதன். பெட்ரோலாட்டம் பென்சின்னு ஒண்ணு இருக்கே, அதுல ஊற வைங்க, அத்தனை எண்ணெயும் இறங்கிடும். அப்புறம் லேசா சூடு காட்டினா பென்சின் பறந்துடும்."

"பறந்துச்சின்னு யாரு பாத்தது?"

"எல்லா ஊர்லயும் அப்பிடித்தான் செய்யறாங்க."

"செய்யட்டும். பறக்காத சொட்டு கொழந்த வயித்துல இல்ல கெடக்கும்? கம்மியா கெடச்சா கம்மியா குடுக்கறேன்."

வியாபாரி சிரித்துக்கொண்டே போனார். எனக்கு இது வீண் பிடிவாதமாகப் பட்டது. புட்டிகள் போதவில்லை, வாசலில் தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

அந்த எரிச்சலோடு சோரியாங்குப்பம் போனேன். ஒரு மாதமாக எண்ணெய் கொடுத்தும் பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவி நடக்கும் குழந்தைகளை மூன்று வீடுகளில் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். பாகூர் எண்ணெயால் பலனில்லை என்று என் வாரப் பத்திரிகையில் வந்தது. டீக்கடைகளில் உரக்கப் படித்தார்கள். அடுத்த வாரம் மருந்தக வாசலில் கூட்டமில்லை.

தைரியநாதன் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் என்னைத் தேடி வந்தார். கோபிக்கவில்லை. "வாங்க பேப்பர்காரரே, நீங்க பாத்த வூட்ட எனக்கும் காட்டுங்க" என்றார்.

முதல் வீடு அஞ்சலையுடையது. கரும்பு வெட்டப் போகிறவர். மகள் பூங்காவனத்துக்கு ஆறு வயது. எண்ணெய் எங்கே என்று தைரியநாதன் கேட்டதும் அஞ்சலை ஒரு சிறிய மண்சட்டியைக் கொண்டுவந்தார். அவர் முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, பூண்டு வாசன அடிக்குது?"

"கவுச்சி தாங்கல சாமி. வாயில வச்சதும் கொமட்டுது இவளுக்கு. அதான் ரெண்டு பூண்டு தட்டிப் போட்டு, கறிவேப்பில கிள்ளிப் போட்டு தாளிச்சி வச்சேன்."

"எவ்ளோ நேரம் காய வச்ச?"

"பொக வர்ற வரைக்கும். பச்ச எண்ணெயயா கொழந்தைக்குக் குடுப்பாங்க? நல்லா கேட்டீங்க போங்க!"

மற்ற இரண்டு வீட்டிலும் அதேதான். ஒரு வீட்டில் கடுகும் போட்டிருந்தார்கள். திரும்பும் வழியில் நான் அந்தப் பெண்களைக் குறை சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "எண்ணெய எண்ணெயா குடுத்தா, எண்ணெய என்ன செய்வாங்களோ அதத்தான் செய்வாங்க. தப்பு என்னுது. வூட்டுக்குள்ள போயி கேக்காதது உங்க தப்பு."

எண்ணெயைப் பார்த்தால் எண்ணெய் என்றே தெரியாதபடி மாற்ற, அதன்பின் அவர் மருந்தரைக்கும் கல்வத்தை விட்டு எழவில்லை. வேலம்பிசினை நீர்விட்டுக் குழைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைத்தார். சாராயத்தில் கரைத்தால் ஒரே நாளில் முடியும் என்று வியாபாரி ஆள் அனுப்பினார். குழந்தைக்குச் சாராயமா என்று இவர் அரைத்துக்கொண்டே இருந்தார். வெக்கையில் நாலைந்து முறை திரிந்து எண்ணெய் தனியே மிதந்தது. கடைசியில் வெள்ளையாகச் சேர்ந்து நின்றது. பெருமையோடு அஞ்சலையிடம் காட்டினார்.

"பாலாட்டம் கீதே சாமி."

"ஆமாம்மா. இத தாளிப்பியா?"

"பால யாருனா தாளிப்பாங்களா? காய்ச்சித்தான் குடுப்பேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புட்டியை வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்குத் திரும்பினார். பிசினைக் கூட்டி, நீரைக் குறைத்து, தேன் சேர்த்து, நாரத்தைத் தோல் வாசனை ஏற்றி, விரலால் வழித்து நக்கும்படி கெட்டியாக்கினார். லேகியத்தை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. மூன்று வாரம் கழித்து நாங்கள் அஞ்சலை வீட்டுக்குப் போனபோது பொழுது இறங்கியிருந்தது. பூங்காவனம் கொல்லையில் கோழிக்குஞ்சுகளை விரட்டிப் பிடித்து ஒவ்வொன்றாகக் கூடைக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். தைரியநாதன் எண்ணினார். ஒன்றும் தப்பவில்லை.

நான் மறுப்பு எழுதினேன். பழைய செய்தி அரைப் பக்கம் வந்திருந்தது. மறுப்பு நாலு வரியாக வந்தது. அதை எந்த டீக்கடையிலும் யாரும் உரக்கப் படித்ததாகத் தெரியவில்லை. என் செய்தியைக் கேட்டு மருந்தை நிறுத்திய வீடுகளுக்கெல்லாம் அவரே சைக்கிளில் போய் லேகியம் கொடுத்து வந்தார். எல்லோரும் தேறிவிட்டார்களா என்று கேட்டேன்.

"ஒரு வூட்ல நேரமாயிடுச்சி. கருவிழி உருகிப்போச்சி. ரெண்டு கண்ணும்."

"எந்த ஊர்? யார் வீடு?"

"தெரிஞ்சி இன்னா பண்ணப்போறீங்க? அத ஒரு சேதியா போடுவீங்க."

அப்புறமும் பலமுறை கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றிவிடுவார். "அது என் கணக்குலயே இருக்கட்டும்" என்றார் ஒருமுறை. அவர் செய்ததிலேயே எனக்குப் பிடிக்காத காரியம் அதுதான். என் பங்கை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அது யார் வீடு என்று மனைவியிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. இனி சொல்ல யாருமில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது அவர் சொல்லாமல் போன அந்த ஒரு பெயர்தான். பாகூர்ச் சாலையில், யாராவது கைப்பிடித்து நடத்திவரும் கண் தெரியாத பிள்ளை எதிர்ப்பட்டால், நான் சைக்கிளை விட்டு இறங்கி எந்த ஊர் என்று கேட்கிறேன்.