தகட்டில் உருண்ட தண்ணீர்

ஸ்பிரே டப்பா 'ஸ்ஸ்ஸ்' என்று சீறினால் போதும், இன்றும் என் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. கூடவே அந்த வெள்ளிக்கிழமை ஓடி வருகிறது: துடியலூர்ப் பட்டறை, கொதிக்கும் தகரக் கூரை, மூக்கில் ஏறும் பசை நெடி.

மரக் கதவுகளுக்கு அலுமினியத் தகடு ஒட்டும் பட்டறை. நான் மேற்பார்வை. அந்த வாரம் ஒட்டியதெல்லாம் நகம் வைத்ததுமே வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. முதலாளி பசை பூசும் பெண்ணைப் பார்த்தார்.

"தலைக்கு இத்தன எண்ணெய வெச்சுட்டு வந்தா எப்படிங்க ஒட்டும்? திங்கக்கிழமையிருந்து அம்மணி பேக்கிங் பக்கம் போகட்டும்."

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

பதினோரு வருடமாக அந்தப் பசை மேசை அவளுடையது. முதலாளி நகர்ந்ததும் கையுறைகளை என் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருங்ணா. எண்ணெ வாசம் வருதுங்களா?"

வரவில்லை.

"அப்ப தண்ணி ஊத்திப் பாத்துப்போடலாம் வாங்க."

சுத்தமான தகட்டில் தண்ணீர் பாய் விரித்தாற்போலப் படரும். பிசுக்கு இருந்தால் முத்து முத்தாகத் திரளும். அவள் அப்போதுதான் தின்னரில் துடைத்து வைத்த தகட்டில் ஊற்றினோம். படர்ந்தது! துடைத்தபின் ஷட்டரோரம் அடுக்கி வைத்திருந்த தகட்டில் ஊற்றினோம். உருண்டது! சொம்பும் கையுமாக இருவரும் அடுக்கு அடுக்காக ஊற்றிக்கொண்டே ஓடினோம். ஷட்டரை நெருங்க நெருங்க முத்துகள் கூடின. ஷட்டர் ஓடும் பள்ளத்தில் விரலை வைத்தாள், வழுக்கியது.

"இதுக்கு யாருங்ணா மருந்தடிச்சது?"

நான்தான். வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் ஷட்டர் கிறீச்சிடக் கூடாது என்று பள்ளத்தில் கிரீஸ் தடவுவது என் வழக்கம். அதற்கு முந்தைய வாரம் புதிதாக சிலிகான் எண்ணெய் ஸ்பிரே வாங்கினேன். சத்தமே போய்விட்ட குஷியில் தினமும் காலையில் அடித்தேன். அந்தப் புகையைப் பக்கத்து மின்விசிறி தகடுகள்மேல் தூவிக்கொண்டே இருந்திருக்கிறது!

வெட்கப்பட நேரமில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற துள்ளல் என்னை முதலாளியின் அறைக்குத் தள்ளியது. அவர் வந்து முத்துகளைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏனுங்க, சாமிக்கு ஊத்த வேண்டிய எண்ணெய நம்ம தகட்டுக்கு ஊத்திப்போட்டீங்களே!" அவளிடம் குரல் இறங்கியது. "அம்மணி, மேசைய உட்டு எங்கியும் போக வேண்டாமுங்க."

டப்பா வெளியேறியது. பள்ளத்தைத் தின்னரால் கழுவினோம், தகடுகளைப் பின்சுவருக்கு மாற்றி மீண்டும் துடைத்தோம். மாலையில் ஒட்டிப் பார்த்த தகட்டில் என் நகம்தான் உடைந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

ஆறு மணிப் பேருந்து வந்துவிட்டது. படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள்.

"ஏனுங்ணா, நாளைக்கு ஷட்டர் கத்துனா கத்தட்டும். நீங்க கையக் கட்டிட்டு நில்லுங்க. வாரனுங்க!"