அத்தான் ஏறிய மணல்மேடு

என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். வாரம் முழுக்க முட்டி போட்டே வேலை. பலமுறை தள்ளிப்போன பாலைவனப் பயணத்துக்கு நேற்றுதான் ஒருவழியாக அக்காவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

காலையிலிருந்து பாறை, முட்செடி, ஓணான் என்று சுற்றியதில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியாக ஒரு பெரிய மணல்மேடு. பாதி ஏறியதும் அத்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போங்க, அப்பா இங்கேயே இருக்கேன்.”

“சேர்ந்து உச்சிக்குப் போலாம்னுதானே சொன்னீங்க? நீங்க வரலைன்னா நானும் வரல,” என்று சின்னவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அவரை விடுடி, பாவம்,” என்றாள் அக்கா.

அத்தான் எழுந்து பார்த்தார். கால் புதைந்தது. சட்டென்று, வேலையில் நகர்வதுபோலவே முட்டி போட்டு, கையை ஊன்றி மேலே நகர ஆரம்பித்தார்.

“வலிக்கலையாப்பா?” என்றான் பெரியவன்.

“மணல் மெத்துன்னு இருக்குடா. தரை மாதிரி கடிக்கல.”

உடனே பிள்ளைகளும் முட்டி போட்டார்கள்.

“நல்லா இருக்கு, குடும்பமே தவழுது!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

உச்சியில் எங்கு பார்த்தாலும் மணல்தான். மூச்சு வாங்கியபடி அத்தான் சொன்னார்: “யப்பா, எவ்ளோ பெரிய தரை! நல்லவேளை, இதுக்கு யாரும் டைல்ஸ் கேக்கல.”

சிரித்துக்கொண்டே மல்லாந்தவர் அப்படியே தூங்கிப்போனார். எழுப்பப்போன பெரியவனைச் சின்னவள் தடுத்தாள். “அதான் உச்சிக்கு வந்துட்டாருல்ல, தூங்கட்டும்!” பிறகு, தன் நிழல் அவர் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். சத்தியமாக, எனக்குக் கண் கலங்கிவிட்டது.